பூனைக்குப் பூனை காவல்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அந்த மனுஷரிடம் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். "பிரஷர் எகிறுது. குடியை விட்டா நல்லது. முடியலேன்னா சனிக்கிழமை சாப்பாட்டோட ஒரே ஒரு சின்ன கிளாஸ். தட்டுல பாதி காய்கறி இருக்கணும். அடுத்த மாசமும் இப்படியே இருந்தா கிரேன்ல ஏற விடமாட்டோம்." ஏறாவிட்டால் கேட்டில் நின்று லாரிகளுக்குக் கதவு திறக்கும் வேலைதான். மேகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழகியவருக்கு அதைவிடக் கேவலம் வேறில்லை.

வீட்டில் இன்னொரு நோயாளியும் இருந்தான், மனைவியின் தம்பி. வேலை பேக்கரியில், சர்க்கரை ரத்தத்தில். அவனுக்கு அனுமதி சனிக்கிழமை ஒரே ஒரு துண்டு கேக். மனைவிக்கோ சலவைக்கூடத்தில் மாலை ஷிஃப்ட். அதனால் புருஷனுக்குத் தம்பியையும், தம்பிக்குப் புருஷனையும் காவல் போட்டுவிட்டுப் போனாள்.

பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான். அவள் பஸ் ஏறியதும் பால்கனியில் இவர் பாட்டிலைத் திறப்பார், அவன் கேக் டப்பாவைத் திறப்பான். நீ பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை என்று ஒப்பந்தம்.

மாட்டிக்கொண்டது வாயால்தான். கல்யாணமான நாளிலிருந்து ஒருவரைப் பற்றி மற்றவர் நல்ல வார்த்தை பேசியதே கிடையாது. காலையில் அவள் விசாரித்தபோது, "மாமா மாதிரி கட்டுப்பாடான மனுஷன் கிடைக்கமாட்டாரு அக்கா" என்றான் தம்பி. "உன் தம்பி தங்கம்" என்றார் இவர்.

வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். "நேத்து வரைக்கும் இவன் தண்டச்சோறு, நீங்க கஞ்சன். இன்னிக்கு ரெண்டு பேரும் தங்கமா? யாரு காதுல பூ சுத்துறீங்க?"

அவள் கத்தவில்லை. "சட்டத்தை மாத்தறேன். இவனுக்குச் சர்க்கரை ஏறினா உங்க கிளாஸ் கட். உங்களுக்குப் பிரஷர் ஏறினா இவனோட சனிக்கிழமை கேக் கட்."

அவ்வளவுதான், கூட்டணி உடைந்தது. மச்சான் வேலை முடிந்து வந்ததும் இவர் அவன் சட்டையை மோந்து பார்த்தார். அவன் பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைத்தான். "காரட்டைக் கடிச்சுத் தின்னு, என் கிளாஸுக்கு உலை வைக்காதே" என்று இவர் அதட்ட, "உப்பைக் கீழ வைங்க மாமா, என் கேக்ல மண்ணைப் போடாதீங்க" என்று அவன் எகிற, மனைவிக்குக் காய்கறி வாங்கியே கை வலித்தது.

மறு பரிசோதனையில் பிரஷர் இறங்கியிருந்தது. மச்சானின் சர்க்கரையும் அடங்கியிருந்தது. கிரேன் பிழைத்தது. அந்தச் சனிக்கிழமை மதியம் அவள் சொன்னாள்: "இனிமே யாருக்கும் யாரும் காவல் இல்ல. உங்க உடம்பு, உங்க பாடு."

சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் உள்ளே போனது. இவர் கை தானாக மறுபடியும் பாட்டிலைத் தேடியது. மச்சான் அதைப் பிடுங்கிக்கொண்டான்.

"விடுடா. இப்ப உனக்கு என்ன நஷ்டம்?"

"கேக்குக்கு நஷ்டம் ஒண்ணும் இல்ல. போன வாரம் நீங்க மறந்துட்டுப் போன சாப்பாட்டைக் குடுக்கத் துறைமுகத்துக்கு வந்தேனே, அப்ப அண்ணாந்து பாத்தேன் மாமா. அவ்ளோ உயரத்துல எறும்பு மாதிரி தெரிஞ்சீங்க. எனக்கு உயிரே இல்ல."

இவருக்கு அந்தத் தண்டச்சோற்றின்மேல் பாசம் பொங்கிக்கொண்டு வந்தது. "சரி, நீயே வச்சுக்கோ" என்றார். மச்சான் உருகிப்போய்க் கண்ணைத் துடைத்தான். அந்த நேரம் பார்த்து, அவன் தட்டில் இருந்த இரண்டாவது கேக் துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

"உனக்குச் சர்க்கரை" என்றார், வாய் நிறைய.