எண் மூன்றை அழுத்துவதற்கு முன்

1

இந்தக் கதை ஒரு புகாரிலிருந்து பிறந்தது. என் வாசகி ஒருத்தி, மென்பொருள் எழுதுகிறவள், போனில் கேட்டாள்: "மேடம், உங்க கதையில வர்ற ஐ.டி. மருமகளுங்க லேப்டாப்பைத் திறக்குறாங்க, மூடுறாங்க. நடுவுல ஒரு வேலையாவது பண்றாங்களா?"

வெட்கமாகிவிட்டது. உன் வேலையில் ஏதாவது ஒன்றைக் காட்டு என்றேன். சின்ன நிரல் ஒன்றைக் காட்டினாள். நெட்வொர்க்கில் போய்வரும் தகவல்களை இந்தக் கணினி எந்தெந்தச் சாதனங்களின் வழியாகப் பிடித்துப் பார்க்க முடியும் என்று அது கேட்கிறது. கணினி எண் போட்டு வரிசையாகச் சொல்கிறது. கடைசியில் ஒரு கேள்வி: எந்த எண்?

"லிஸ்ட் போடுற வரைக்கும் யாருக்கும் ஒண்ணும் இல்ல. நம்பரைப் போட்டாதான் ஒட்டுக்கேக்க ஆரம்பிக்கும்" என்றாள்.

அந்த இரண்டுக்கும் நடுவில்தான் எனக்கு ஒரு குடும்பம் தெரிந்தது.

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'மரக்காணத்து உப்பளங்களின்மேல் நிலவு வெள்ளியை உருக்கி வார்த்தபோது, பூங்குழலியின் நெஞ்சில்...'

(அடித்துவிட்டேன். அங்கே உப்பு வாருகிறவர்களுக்கு அந்த வெண்மை கண்ணெரிச்சல்.)

இரண்டாவது: பூங்குழலி கணினிமுன் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மாமனார் கன்னியப்பன் பின்னால் நின்றார்.

இது இருக்கட்டும்.

கன்னியப்பனுக்குச் சொந்தமாக உப்பளம் உண்டு. மகள் நிவேதா தினமும் பஸ்ஸில் போய்வந்து புதுச்சேரியில் நர்சிங் கடைசி வருடம் படிக்கிறாள். அவள் கடற்கரைக் குப்பத்துப் பையன் ஒருவனோடு பேசுகிறாள் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். பெருமுக்கல்லில் ஒரு வரன் தயாராக இருக்கிறது. பேச்சு உண்மையென்றால் படிப்பை நிறுத்திவிட்டு உடனே கல்யாணம். இல்லையென்றால் படிக்கட்டும். எது என்று மருமகள்தான் கண்டுபிடித்துச் சொல்லவேண்டும். அந்த வீட்டில் எல்லோர் போனுக்கும் நெட் அவளுடைய கணினி வழியாகத்தான் போகிறது.*

பூங்குழலி கன்னியப்பனின் மகனைக் காதலித்து அந்த வீட்டுக்கு வந்தவள். வந்த புதிதில் யாரும் அவளோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. நிவேதாதான் தன் சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு அண்ணியின் அறைக்கு வந்து கூட உட்கார்ந்து சாப்பிட்டாள். அந்த நிவேதாவைத்தான்...

(இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.)

* வாசகி திருத்தினாள்: என்ன பேசினார்கள் என்பது தெரியாது; யாருடைய போன் எப்போது நெட்டில் எங்கே போய்வந்தது என்பதுதான் தெரியும். சந்தேகப்படும் தகப்பனுக்கு அதுவே அதிகம் என்றேன்.

3

முதல்முறை ஓட்டியபோது பட்டியல் காலியாக வந்தது.

"ஒண்ணுமே வரல மாமா."

பொய்யில்லை. கணினியின் உரிமையாளர் என்ற முறையில் அனுமதி கொடுக்காமல் ஓட்டினால் அந்த நிரல் சிலசமயம் வெறுங்கையைத்தான் காட்டும். அனுமதி கொடுக்காமல் விட்டவள் அவள்தான். இங்கேயே கதையை முடித்துவிடலாம் என்று பேனாவைக்கூட மூடிவைத்தேன். ஆனால் கன்னியப்பன் விடுகிற ஆளில்லை.

"அப்போ விடும்மா. கேபிள்காரன் சிங்காரத்தைக் கூப்புட்றேன். அவன் பாத்துச் சொல்லிட்டுப் போறான்."

வெளியாள். நிவேதாவின் பெயர் கடைத்தெரு வரைக்கும் போகும். பூங்குழலி அனுமதி கொடுத்து மறுபடி ஓட்டினாள். ஐந்து வரிகள் வந்தன.

கன்னியப்பன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். "இதுல எங்க என் பொண்ணு பேரு?"

"இது ஆளுங்க பேரு இல்ல மாமா. இந்தக் கம்ப்யூட்டர் எது எது வழியா கேக்கலாம்னு காட்டுது. நம்ம வீட்டு வைஃபை மூணாவது."

"அப்போ மூணைத் தொற. நம்ம அளத்துல மடை வெட்டுறமே, எந்தப் பாத்திக்கு வேணுமோ அதுக்கு மட்டும் தண்ணி உடுறோமில்ல, அந்த மாதிரி."

"இது பாத்தி பாத்தியா வராது மாமா. தொறந்தா மொத்தமாத்தான் வரும். உங்களோடது, அத்தையோடது, எல்லாம். அப்புறம்தான் பிரிக்கணும்."

"எங்கிட்ட என்னம்மா இருக்குது மறைக்க?"

"பகல் பூரா ஆடுறீங்களே சீட்டுக் கேமு, அது வரட்டும்" என்றாள் அவர் மனைவி ஜெயா, அறைவாசலில் நின்றபடி. சொல்லிவிட்டுத் தன் போனை எடுத்து, மெல்ல நெட்டை அணைத்தாள்.

(ஏன் அணைத்தாள்? அரைப்பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். அது ஜெயாவுடையது.)

4

முடிவுகள்.

அ) மூன்றை அழுத்துகிறாள். பிறகு அந்த வீட்டில் யாரும் அவளோடு உட்கார்ந்து சாப்பிடமாட்டார்கள்.

ஆ) ஒன்றுமே ஓடாத இரண்டாம் எண்ணை அழுத்தி, "ஒண்ணும் இல்ல மாமா" என்கிறாள். அடுத்த மாதமும் கேட்பார். அதற்கடுத்த மாதமும்.

இ) "முடியாது மாமா" என்கிறாள். இதை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் கன்னியப்பன் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "லவ் பண்ணி வந்தவ வேற எப்படிச் சொல்லுவே?"

ஈ) நான் யோசிக்காதது. பாண்டி பஸ்ஸிலிருந்து இறங்கி நிவேதா வந்துவிட்டாள். தோளில் பையோடு அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, அப்பா, அம்மா எல்லாரும் இங்க நிக்கிறீங்க?"

கன்னியப்பன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்த நம்பரைப் போடும்மா" என்றார், மகளைப் பார்க்காமல்.

பூங்குழலி எழுந்தாள். நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்களே போடுங்க மாமா. இல்லன்னா, அவ இதோ நிக்கிறா. அவளையே கேளுங்க."

5

இதற்குமேல் எழுத உட்கார்ந்து இரண்டுமுறை எழுந்துவிட்டேன். என் கதைகளில் தகப்பன்கள் கடைசியில் மனம் மாறுவார்கள். அதற்காகத்தான் என்னைப் படிக்கிறார்கள் என்பதும் தெரியும். இவரை நான் மாற்றினால் அது என் தயவாகிவிடும், அவர் மாறியதாகாது.

நிவேதா இன்னும் பையை இறக்கவில்லை. கன்னியப்பன் நாற்காலியில் ஒரு கையை வைத்திருக்கிறார். நீங்கள் சொல்லுங்கள், அவர் எந்தப் பக்கம் திரும்பினார்?