ஜோலீனுக்காக ஒரு மன்றாட்டு

பத்தாங் பெர்ஜுந்தாய் டயாலிசிஸ் நிலையத்தில் ஜெனவீவ் கேஷுவல் நர்ஸ். ஆள் குறைந்தால் கூப்பிடுவார்கள். இஷ்டமிருந்தால் போகலாம், இல்லாவிட்டால் முடியாது என்று ஒரு சொல் போதும். பகுதிநேர வேலை அப்படியல்ல. செவ்வாய், வியாழன், சனி வந்தே ஆக வேண்டும். இரண்டில் எது வேண்டும் என்று திங்கட்கிழமைக்குள் சொல்லும்படி மேற்பார்வையாளர் மோகனா கேட்டிருந்தார். கேஷுவலே போதும் என்று ஜெனவீவ் முடிவு கட்டியிருந்தாள். சனிக்கிழமையை யாருக்கும் எழுதிக்கொடுக்க மனமில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை மோகனா கூப்பிட்டபோது, மகளோடு சுங்கை பெசாருக்கு மீன் வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மறுப்பதற்குக் காரணமே தேவையில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஜோலீனுக்கு நல்ல காய்ச்சல்க்கா."

மறுநாள் தாயும் மகளும் பூசைக்குத் தாமதமாகப் போய், தோட்டத்து மாதா கோயிலில் பின்வரிசையில் நின்றார்கள். மன்றாட்டு சொல்ல முன்னால் வந்தவர் ராஃபேல். ஒரு காலத்தில் தோட்டத்து லோரி ஓட்டியவர். இப்போது டயாலிசிஸ் நோயாளி. அவர் இடது கையில் இரத்தக் குழாய் லேசில் அகப்படாது. ஜெனவீவ் குத்தினால் மட்டும் முதல் ஊசியிலேயே பிடிபடும். அந்தக் கை இன்று கன்றிக் கறுத்திருந்தது.

"காய்ச்சலில் படுத்திருக்கும் சிறுமி ஜோலீனுக்காக, இறைவா உம்மை மன்றாடுகிறோம்."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கோயில் முழுவதும். ஜோலீனும் உரக்கச் சொல்லிவிட்டுத் தாயின் பையை இழுத்தாள்.

"மம்மி, எனக்கா காய்ச்சல்?"

"வாய மூடு."

பூசை முடிந்ததும் காரை நோக்கி நடந்தவளை ராஃபேல் பிடித்துவிட்டார்.

"ஜெனி, பாத்தியா, நம்ம செபம் எவ்ளோ ஸ்பீட் லா! பாப்பா எந்திரிச்சு வந்துட்டா." குனிந்து குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "நேத்து மோகனாதான் காய்ச்சல்னு சொன்னாங்க. உனக்குப் பதிலா வந்த புது பிள்ள நாலு தடவ குத்திருச்சு. நீ இருந்தா... பரவால்ல, புள்ளதான முக்கியம்."

"நேத்து நாங்க மீன் வாங்கப் போனோம், அங்கிள்" என்றாள் ஜோலீன். "பெரிய எறா."

ராஃபேல் நிமிர்ந்தார். மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை மெல்ல இறக்கி, மணிக்கட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை ஜெனவீவ் மோகனாவிடம், "பார்ட் டைம் போட்டுருங்கக்கா" என்றாள்.

"சனிக்கிழமையும் வரணும். பிள்ளைய யாரு பாத்துக்குவா?"

"பாத்துக்கலாம்கா." காய்ச்சல் பொய் என்று சொல்லத்தான் போயிருந்தாள். சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை, ராஃபேல் கையை நீட்டிவிட்டு முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கன்றாத இடமாகத் தடவித் தேடிக் குத்தினாள். முதல் ஊசியிலேயே பிடிபட்டது.

"தேங்க் யூ, மிஸி" என்றார், புதிதாக வந்த நர்ஸிடம் சொல்வதைப் போல.