வாசல்வரை மூச்சு

வியட்நாமில் எங்கள் ஹோய் ஆன் ஊருக்கு வருகிறவர்கள் மஞ்சள் சுவர்களைப் படம் பிடிப்பார்கள், காகித விளக்கு வாங்குவார்கள், மறுநாள் கிளம்பிவிடுவார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து ஒற்றைப் பெட்டியோடு வந்த கியெம் பெரியவர் மட்டும் கிளம்பவில்லை.

அக்கா லூவா நடத்தும் விடுதியில் நான்தான் சமையல். புதிதாக வருகிறவர் யாராக இருந்தாலும் முன்கட்டு உத்திரத்தில் ஒரு தடவையாவது மண்டையை இடித்துக்கொள்வார். இவர் பாட்டுக்குத் தலையைக் குனிந்து உள்ளே போனார்.

"நான் பொறந்த வீடும்மா இது," என்றார்.

அக்கா முகம் கறுத்துவிட்டது. "எங்க மாமனார் முறையா வாங்குன வீடு. பத்திரம் இருக்கு."

"பத்திரத்த வச்சு நான் என்ன பண்ண? நெஞ்சுக்குள்ள கட்டி. டாக்டருங்க கைய விரிச்சுட்டாங்க. பின்கட்டு ரூம்லதான் எங்கம்மா என்னப் பெத்தா. அங்கயே கண்ண மூடணும். வேற ஒண்ணும் வேணாம்."

"விருந்தாளியா வந்தீங்க, விருந்தாளியா இருங்க. சாகறதா இருந்தா வேற எடம் பாத்துக்கங்க."

அவர் சிரித்தார். "சரி தங்கச்சி. அதுவரைக்கும் உன் கஞ்சியக் குடிச்சுக்கிட்டுக் கெடக்கறேன்."

அக்காவைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். அவள் புருஷன் சாங் மீன்பிடிக்கப் போய் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து செத்தார். உடலைத் தூக்கி வந்தபோது அவள் மாமியார் வாசலை மறித்து நின்றாள். வெளியே செத்தவரை உள்ளே கொண்டுவந்தால் வீடு விளங்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பெற்ற பிள்ளையைக் கொட்டுகிற மழையில் தெருப்பந்தலில் கிடத்தினாள் அந்தப் புண்ணியவதி. அவர் படம்கூட உள்ளே வரவில்லை. வாசலில் நிற்கும் புளிச்சக்காய் மரத்தடியில் ஒரு சின்ன மாடம் கட்டி அங்கேதான் வைத்தார்கள். இன்றுவரை அக்கா அவருக்குச் சோறு வைப்பது அங்கேதான். மாமியார்க்காரி மட்டும் தன் கட்டிலில் சொகுசாகப் படுத்து வீட்டுக்குள்ளேயே உயிரை விட்டாள்.

பெரியவரிடம் அப்படிச் சொன்னாளே தவிர, அவருக்குக் கஞ்சி வைக்கும் வேலையை அக்கா என்னிடம் விடவில்லை.

"இது கஞ்சியா, ஆத்துத் தண்ணியா?" என்பார் அவர்.

"சாகப் போறவருக்கு நாக்கு மட்டும் நீளம்!"

"கெட்டியா ஒரு நாள் போட்டுப் பாரு. செத்தாலும் உன் பேரச் சொல்லுவேன்."

பௌர்ணமியன்று காலையில் முற்றத்தில் சுருண்டு விழுந்தார். தா நாங் நகரத்து ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். மத்தியானமே வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் சாக வேண்டியவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் அனுப்புவார்கள். வாயில் மூடியை வைத்து, ரப்பர் பையை அமுக்கி அமுக்கி மூச்சு கொடுத்துக்கொண்டே வண்டியில் கொண்டுவருவார்கள். வாசல் தாண்டிக் கட்டிலில் கிடத்திய பிறகுதான் கையை எடுப்பார்கள்.

"வீடு எங்க?" என்று கேட்டான் பையை அமுக்கிக்கொண்டு வண்டியில் வந்த ஆஸ்பத்திரிப் பையன் தோவான்.

எங்கள் தெருவைச் சொன்னேன். அந்த மனிதருக்கு வேறு எந்தத் தெரு இருக்கிறது? அக்காவுக்குப் போன் செய்தேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். பிறகு, "பின்கட்டு ரூமத் தவிர எல்லாத்துலயும் ஆளு இருக்குடி," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

பௌர்ணமி விளக்குத் திருவிழாக் கூட்டத்துக்காகப் பழைய தெருக்களில் வண்டிகளை விடாமல் மறித்திருந்தார்கள். ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தோம். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஒதுங்கி நின்று எங்களையும் படம் பிடித்தார்கள். வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே நடந்தேன். பாலத்தருகே வந்தபோது, என் கையைப் பிடித்திருந்த அவர் விரல்கள் விட்டுப்போயின.

தோவான் என்னைப் பார்த்தான்.

"நிறுத்தாதடா தம்பி," என்றேன்.

"தெரியும்க்கா. எனக்கு இவரு மொத ஆளு இல்ல." அவன் பையை அமுக்கிக்கொண்டே வந்தான்.

வீட்டு வாசலைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டியது. இரண்டு கதவும் திறந்திருந்தன. ஊதுபத்தி மணத்தது. பின்கட்டுக் கட்டிலில் புது விரிப்பு விரித்திருப்பது வாசலிலிருந்தே தெரிந்தது. மாட்டேன் மாட்டேன் என்றவள் எல்லாம் செய்து வைத்துக் காத்திருந்தாள்.

"வாங்க பெரியவரே, வீட்டுக்கு வந்துட்டீங்க," என்று இறங்கி வந்து அவர் பாதத்தைத் தொட்டாள். தொட்ட கையை எடுக்கவில்லை.

"மூச்சு இருக்குக்கா. சீக்கிரம் வழி விடு," என்றேன்.

"செத்துக் கெடந்த என் புருஷன் காலத் தொட்டவடி நான். எனக்கா தெரியாது?"

தோவான் இன்னும் அமுக்கிக்கொண்டிருந்தான். அக்கா படியேறிப் போய் வாசலுக்கு நடுவில் நின்றாள். மாமியார் நின்ற அதே இடம்.

"அக்கா, அந்தக் கெழவிதான் போய்ச் சேந்துட்டாளே! இனி யாரு கேக்கப் போறா?"

"சாங் கேப்பாரு." அக்கா மாடத்தைக் கை காட்டினாள். "'எவனோ ஒருத்தன உள்ள விட்டியே, என்ன மட்டும் மழையில போட்டியே'ன்னு அந்த மரத்தடியில இருந்து கேப்பாருடி. நான் என்ன பதில் சொல்லுவேன்?"

தோவான் பையிலிருந்து கையை எடுத்தான்.

தெருவில் பந்தல் போட்டோம். அன்றைக்கு மழைகூட இல்லை, அதுவே பெரிய விஷயம். விரித்த விரிப்பு கசங்காமல் அப்படியே கிடந்தது. அக்காவை அறையவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் வந்தவர்களுக்கு டீ ஊற்றினேன்.

அடக்கம் முடிந்து வந்ததும் அக்கா அடுப்பு மூட்டினாள். மாடத்தில் எப்போதும் ஒரு கிண்ணம் வைப்பவள் இரண்டு வைத்தாள்.

"கெட்டியாத்தான் போட்டிருக்கேன்," என்றாள் மாடத்தைப் பார்த்து. "ரெண்டு பேரும் சண்ட போடாமச் சாப்பிடுங்க."