சின்னதின் உயரம்

தையல்காரியின் மகளுக்கு அறிவுத்திறன் நாற்பத்தெட்டு என்று எழுதிக் கொடுத்த அன்று, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் அவள் முழங்கால் உயரத்துக்குக் குறைந்துவிட்டாள். நூல்கண்டு விலை இரண்டாம் தடவையாக ஏறிய வருஷம் அது. காலையில் போகும்போது ஐந்து வயதுப் பிள்ளைக்கு உரிய உயரத்தில், அம்மாவின் பையைப் பிடித்துக்கொண்டு நடந்து போனவள்தான். திரும்பும்போது பஸ்ஸில் கவுன் காலைத் தாண்டித் தொங்கியது, செருப்பு கழன்று சீட்டுக்கு அடியில் போனது. கண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, கைக்குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம் என்று நகர்ந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மா முகம் கழுவி, இஞ்சு டேப்பை எடுத்து மகளை அளந்து, இருந்த கவுன்களை எல்லாம் பிரித்துச் சின்னதாக்கினாள். அழ அன்றைக்கு அவளுக்கு நேரமில்லை. மறுநாள் கொடுக்க வேண்டிய பள்ளிச் சீருடைகள் மெஷின் மேல் குவிந்து கிடந்தன.

பிள்ளையை எல்லோரும் சின்னது என்றுதான் கூப்பிட்டார்கள். பெரியது என்று ஒன்று அந்த வீட்டில் கிடையாது, ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. சின்னதுக்குப் பேச்சு வரவில்லை. அம்மா மெஷினை மிதிக்கும்போது அதே சுருதியில் ம்ம்ம் என்று கூடவே முனகுவாள், மெஷின் நின்றால் நிறுத்துவாள். குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு தெருக்கோடி வரைக்கும் ஓடுவாள். ஆஸ்பத்திரி அறையில் நடந்தது இவ்வளவுதான்: டெஸ்ட் எடுத்தவர் மரக்கட்டைகளை மேஜையில் கொட்டி, படத்தில் உள்ளபடி அடுக்கச் சொன்னார். சின்னது கட்டைகளை ஒவ்வொன்றாக மோந்து பார்த்து, பிடித்த ஒன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். மோந்து பார்ப்பதற்கு மதிப்பெண் கிடையாது.

அப்பா ஊருக்கு வெளியே லாரிகளை எடை போடும் மேடையில் வேலை பார்த்தவர். லாரி மேடையில் ஏறி, என்ஜின் அணைந்து, ஆட்டம் அடங்கி எண் வந்தால் அதுதான் எடை. டிரைவர் கெஞ்சினாலும் சண்டைக்கு வந்தாலும் அந்த எண் மாறாது. அதனால் அவர் நாற்பத்தெட்டை அப்படியே ஏற்றுக்கொண்டார். "வந்த எண்ணை நாம என்ன பண்ண முடியும்," என்றார். சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றவர், சாப்பிடக் கூப்பிட்டபோதுதான் உள்ளே வந்தார்.

அந்த உயரத்துக்கு ஒரு பள்ளி இருந்தது. தாழ்வான நாற்காலிகளும் வழவழப்பான சுவர்களும் கொண்ட சிறப்புப் பள்ளி. சின்னது மத்தியானம் வரைக்கும் அங்கே இருந்தாள், அம்மா அதுவரைக்கும் தைத்தாள். அம்மா வாழ்க்கையில் ஆசைப்பட்டது இரண்டே விஷயம்தான்: பிள்ளையை நம்பி விட்டுவிட்டு வர ஓர் இடம், ஒரு வருஷமாவது பிரிக்காமல் இருக்கிற ஒரு கீழ்மடிப்பு. இரண்டும் கிடைத்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோது, சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும் என்று பள்ளியில் சொன்னார்கள்.

இந்தத் தடவை டெஸ்ட் எடுத்தவர் வேறு ஆள். வாயைத் திறக்காமல் படங்களை மட்டும் வைத்தார், ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. அவர் பக்கத்தைத் திருப்பி முடிப்பதற்குள் சின்னது விட்டுப்போன துண்டின் மேல் விரலை வைத்துவிட்டாள். நூற்று நாற்பத்தொன்று என்று எழுதிவிட்டு அவர் எழுந்து நின்றே அவர்களை வழியனுப்பினார். திரும்பி வரும் வழியில் கவுனின் தையல்கள் ஒவ்வொன்றாக விட்டுப்போகும் சத்தம் பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்டது. அம்மா தன் துப்பட்டாவால் மகளைப் போர்த்தினாள். வீட்டு நிலைப்படியில் சின்னதின் தலை இடித்தது. அப்பா அன்றைக்கே மின்விசிறியைக் கழற்றிவிட்டார். அந்தக் கோடையை மூன்று பேரும் விசிறிக்கொண்டே கழித்தார்கள்.

சிறப்புப் பள்ளியில் இவ்வளவு பெரிய எண்ணுக்கு இடமில்லை என்று கைவிரித்தார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கென்றே ஒரு பள்ளி மேட்டுத் தெருவில் இருந்தது. அங்கே வாசலுக்கே வந்து அழைத்துப் போனார்கள். அதற்குப் பிறகுதான் மணிச் சத்தத்துக்கு அவள் மேஜைக்கடியில் ஒளிவதும், கழிப்பறைக்குப் போகணும் என்று கேட்கத் தெரியாமல் உடையை நனைத்துக்கொள்வதும் தெரியவந்தது. தலைமையாசிரியை அம்மாவைக் கூப்பிட்டார். "இவ்வளவு மூளை இருக்கு, ஒரு பட்டன் போடத் தெரியலைன்னா என்னங்க அர்த்தம்? வேணும்னே பண்றாள்னுதானே?" முழங்கால் உயரத்தில் இருந்தபோது பாவம் என்று கன்னத்தைத் தட்ட வைத்த அதே குறைகள் இந்த உயரத்தில் திமிர் ஆகிவிட்டன. அம்மா நனைந்த உடையைப் பையில் சுருட்டிக்கொண்டு வந்தாள்.

இருதலைக் கொள்ளி எறும்பின் கதைதான் அப்புறம். எந்தக் கதவைத் தட்டினாலும் மறுபடி டெஸ்ட் எடுத்துவரச் சொன்னார்கள். ஒருவர் எழுபதுக்குக் கீழே போட்டார், இன்னொருவர் நூறைத் தாண்டினார், காய்ச்சலில் இருந்த ஒரு நாளில் எண்ணே வரவில்லை, சின்னது அன்றைக்கு முழுக்க ஒரு தலையணை அளவுக்குக் கிடந்தாள். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பதைத் தெருவில் எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் எலும்பு வலிக்கும். முழங்காலைக் கட்டிக்கொண்டு அவள் விடிய விடிய அழுவாள், ஒரு பக்கம் அப்பாவும் ஒரு பக்கம் அம்மாவும் தைலம் தடவுவார்கள். கவுன்களின் ஓரமெல்லாம் பிரித்த ஊசித் துளைகள். அம்மா மெஷினில் உட்கார்ந்தபடியே தூங்கப் பழகியிருந்தாள், கால் மட்டும் மிதித்துக்கொண்டிருக்கும். அண்டை வீட்டார் நல்லவர்கள்தான், ஆனால் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், அதைக் கேட்பதே ஒரு தனி வேலையாக இருந்தது.

கடைசியில் அப்பா தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினார். ஆடுகிற லாரிக்கு அவர் மேடையில் ஒரு பழக்கம் உண்டு: எண் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் கூட்டிப் பாதியை எழுதிவிடுவார், யாரும் குறை சொன்னதில்லை. எல்லாச் சான்றிதழ்களையும் தூக்கிக்கொண்டு ஒரு பெரிய அதிகாரியைப் பார்த்து, சராசரி போட்டுத் தரும்படி கேட்டார். அதிகாரிக்கும் அது நியாயமாகப் பட்டது. எல்லா எண்களையும் கூட்டி வகுத்ததில் நூறு என்று வந்தது. நூறு என்றால் எல்லோரையும் போல என்று அர்த்தம்.

சின்னது ஒன்பது வயதுப் பிள்ளைக்கு உரிய உயரத்தில் எழுந்து வந்து நின்ற காலையில், அப்பா அவளைத் தெரு முழுக்க நடத்திக் கூட்டிப்போனார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. பக்கத்திலேயே இருந்த சாதாரணப் பள்ளியில் மறுபேச்சில்லாமல் சேர்த்துக்கொண்டார்கள். குக்கர் விசில் அடித்தது, அவள் ஓடவில்லை. மெஷின் ஓடியது, அவள் முனகவில்லை. அம்மா பல வருஷத்துக்குப் பிறகு விடியும் வரைக்கும் தூங்கினாள், எழுந்தபோது தன் கை கால் யாருடையதோ போல இருந்தது. ஒரு வாரம் அந்த வீட்டில் நிம்மதி இருந்தது என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் கதை பொய்யாகிவிடும்.

பிறகு பள்ளியில் அவள் வகுப்பில் இருந்த நாட்களிலேயே வரவில்லை என்று குறித்தார்கள். அம்மா தட்டு வைக்கும்போது இரண்டு தட்டோடு நிறுத்திவிட்டு, அப்புறம் திடுக்கிட்டு மூன்றாவதை எடுப்பாள். சின்னது வெயிலில் நின்றால் அவள் வழியாகச் சுவர் தெரிந்தது. ஒரு சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து அலுத்து வந்து, முன்னறை பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து, சட்டையைக் கழற்றி, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். தம்ளரை வைக்கத் திரும்பியபோதுதான் தான் மகளின் மேல் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அவள் கத்தவும் இல்லை, நகரவும் இல்லை. அவர் துள்ளி எழுந்து, அவளை அள்ளி மடியில் வைத்துக்கொண்டு, பெரிய ஆம்பளை, தெருவுக்கே கேட்கும்படி அழுதார்.

"சராசரியில என்னடி தப்பு?" என்று அன்றைக்கு அவர் அம்மாவிடம் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டார். "எல்லாமே அவளோட எண்தானே? அதைக் கூட்டித்தானே வகுத்தேன்?"

அம்மா நூலைப் பல்லால் கடித்தாள். "நான் ஒரு சட்டை தைக்கிறேன்னு வைங்க. கையை அளக்கிறேன், கழுத்தை அளக்கிறேன், இடுப்பை அளக்கிறேன். எல்லாத்தையும் கூட்டி மூணால வகுத்து, அந்த அளவுல கையும் கழுத்தும் இடுப்பும் வெட்டினா யாரு போடுவா?"

எடை மேடையில் லாரிக்குக் கையும் கழுத்தும் கிடையாது, அதனால் இப்படி ஒரு விஷயம் இருப்பதே அப்பாவுக்குத் தெரியாது. "அப்ப என்னதான் பண்றது?" என்றார். அம்மாவுக்கும் தெரியவில்லை. இருந்தாலும் இன்னும் ஒரே ஒரு டெஸ்ட் என்று முடிவாயிற்று, ஏனென்றால் மகளை இப்படியே விட்டால் இன்னும் ஒரு மாசத்தில் ஒன்றும் மிச்சமிருக்காது.

கடைசி டெஸ்ட் எடுத்த அம்மாள் ஓய்வு பெறப் போகிறவர், முழங்கால் வலிக்காரர். அறையில் விளக்கைத் தணித்து, கட்டைகளும் படங்களும் சொற்களும் கதைகளும் ஒவ்வொன்றாக வைத்து, நடுநடுவே தானும் காலை நீட்டிக்கொண்டு, முழுப் பகலும் எடுத்துக்கொண்டார். முடிந்ததும் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் எழுதினார். படத்துக்கு ஓர் உயரம், பேச்சுக்கு ஒரு பள்ளம், ஞாபகத்துக்கு ஒரு மேடு. எல்லாவற்றுக்கும் கீழே கோடு போட்டுப் பேனாவை வைத்தபோது, அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கூட்டாதீங்க மேடம்."

"மொத்தம் போடலைன்னா இது செல்லாதும்மா. எந்த ஸ்கூல்லயும் சேர்க்க மாட்டாங்க. கவர்மெண்ட் உதவித்தொகை கூட நின்னுடும்."

"தெரியும்."

"அப்புறம் நாள் பூரா நீங்கதான் வச்சுப் பார்த்துக்கணும். உங்களைப் பார்த்தாலே தெரியுது, நீங்க தூங்கி எவ்வளவு நாளாச்சுன்னு."

"தூங்கிப் பார்த்தேன் மேடம். எழுந்தா பிள்ளையைக் காணோம்."

அந்த அம்மாள் அப்பாவைப் பார்த்தார். எண் என்றால் எண்தான் என்று இருபது வருஷம் சொன்ன மனிதர், தலையைக் குனிந்துகொண்டு, வேண்டாம் என்று கையை மட்டும் ஆட்டினார். பேனா மூடப்பட்டது. கோட்டுக்குக் கீழே அந்த இடம் வெறுமையாகவே இருந்தது.

பஸ்ஸில் முதலில் வளர்ந்தது வலது கை. சீட்டிலிருந்து எழாமலே அது மேல்கம்பியைப் பிடித்தது. இடது கை வயசுக்கு ஏற்றபடி நின்றுகொண்டது. பாதங்கள் கைக்குழந்தைப் பாதங்களாகச் சுருங்கின, கழுத்து மட்டும் நீண்டு டிரைவரின் தலைக்கு மேலே ரோட்டைப் பார்த்தது. அவள் வழியாக ஜன்னல் தெரிவது நின்றுபோனது. என்ஜின் உறுமலோடு சேர்ந்து ம்ம்ம் என்று ஒரு சத்தம் கிளம்ப, முன்சீட்டுக்காரர்கள் முகம் சுளித்துத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்தோஷப்பட வேண்டும் என்று இருவருக்கும் தோன்றியது, அவ்வளவு அலுப்பிலும் கொஞ்சம் பட்டார்கள். இந்தத் தடவை எலும்பு வலிக்கவில்லை, அன்றிரவு யாரும் தைலம் தேடவில்லை.

எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளவில்லை. உதவித்தொகை சொன்னபடி நின்றது. அப்பா மேடையில் கூடுதல் நேரம் வேலை பார்த்தார், அம்மா தையலுக்கு நடுவில் ஓடி ஓடி மகளைத் தெருக்கோடியிலிருந்து பிடித்து வந்தாள், ஐந்து வருஷம், எட்டு வருஷம், அப்படியே போயிற்று. நீண்ட கையால் யாருக்கும் பெரிதாகப் பிரயோஜனம் இல்லை. அவள் அதை மரக்கிளைகளை மோந்து பார்க்கக் கீழே இழுப்பதற்குத்தான் வைத்திருந்தாள். தெருவில் ஆரம்பத்தில் கூட்டம் கூடியது. பிறகு, அஞ்சு விரலும் ஒண்ணாவா இருக்கு என்று அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். தண்ணீர் வராத நாட்களில் தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

ஜவுளிக்கடைக்குப் புதிதாக வேலைக்கு வந்தவர், தையல்காரி மகளுக்குத் துணி எடுக்க வந்தபோது, எத்தனை மீட்டர் கிழிப்பது என்று தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார்.

"பொண்ணு எவ்வளவு உயரம்மா?"

"எந்த இடத்துல?" என்று கேட்டாள் அம்மா.

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, சொல்லுங்க என்றார். அவள் கையிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொன்றாகச் சொன்னாள்.