மன்றத்தில் என் தம்பியின் கால்

எங்கள் பேட்டையில் கல்லூரி ஆட்டக்காரன் ஒருவனை லீக் கிளப் முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்துவிட்டால், அவன் தேறுவானா மாட்டானா என்று ரசிகர் மன்றம் வாதாடி முடிக்கும்வரை அவனுடைய உதைக்கும் கால் மன்றத்தில்தான் இருக்கும். முன்பெல்லாம் இந்த ஏற்பாடு இல்லை. வாதம் நடந்துகொண்டிருக்கும்போதே பையன்கள் ஆடப் போய்விடுவார்கள். ஒருவன் ஆட ஆரம்பித்துவிட்டால் அப்புறம் அவனைப் பற்றி என்ன வாதாடுவது? அதனால் காலை வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் வந்தது. இதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. முழங்காலுக்குக் கீழே கழற்றும்போது வலிப்பதும் இல்லை.

இந்த வருடம் என் தம்பி பிரிட்டோவை எடுத்தார்கள். போன சீசனில் கடைசி இடத்துக்கு வந்த கிளப்புக்குத்தான் முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை. அந்தப் பெருமைக்குரிய கிளப் கொடிமரம் யுனைடெட். செய்தி வந்த அன்று சாயங்காலமே மன்றத்திலிருந்து ஆள் வந்துவிட்டது. அம்மா பிரிட்டோவின் காலைக் கழுவித் துடைத்து, பவுடர் போட்டு, அவனை என்னோடு அனுப்பிவைத்தாள்.

மன்றம் என்பது ஏகாம்பரம் அண்ணனுடைய சலூன்தான். அவர்தான் தலைவர். பெண்கள் அங்கே வருவதில்லை என்றாலும், காலுக்கு உறவுக்காரர் ஒருவர் கூடவே இருக்கலாம் என்று விதி இருக்கிறது. அதனால் வாதம் நடந்த நாளெல்லாம் வேலை முடிந்ததும் நேராக அங்கே போய், காலைத் துண்டால் மூடி வைத்திருந்த நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

சலூனில் டிவி பின்சுவரில் மேலே மாட்டியிருக்கிறது. அதற்குக் கீழே நீளமாக ஒரு பெஞ்சு. எதிரே சுவர் முழுக்கக் கண்ணாடி. பெஞ்சில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் என்பதால், மன்றத்தார் எல்லா மாட்சையும் கண்ணாடியில்தான் பார்ப்பார்கள். மைதானத்துக்குப் போகும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. வெயில் அப்படி. பிரிட்டோவின் பனியனில் இருப்பது பத்தாம் நம்பர். மன்றத்தில் அவனுக்குப் பெயர் சைபர் ஒண்ணு. ஆட்டக்காரர்களில் யார் இடது கால், யார் வலது கால் என்பதும் அவர்களுக்கு அந்தக் கண்ணாடி சொன்னதுதான்.

பிரிட்டோ பிறந்ததிலிருந்தே இடது கால்காரன். வலது கால் அவனுக்கு நிற்பதற்கு மட்டும். அன்றைக்குச் சலூன் நாற்காலியில் அவனை உட்காரவைத்து, "அந்த உதைக்கிற காலக் கழட்டுப்பா, வலதுகால" என்றார் ஏகாம்பரம் அண்ணன். பிரிட்டோ என்னைப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அவன் வலது காலைக் கழற்றிக் கொடுத்துவிட்டான்.

கழற்றிய இடத்துக்கு மன்றத்தில் ஒரு இரவல் கால் கொடுப்பார்கள். அது குணசீலன் என்ற கோல்கீப்பருடையது. லீக்கின் முதல் மாட்சுக்குள் வாதம் முடியாவிட்டால் கால் மன்றத்துக்கே சொந்தம். குணசீலனுடைய வாதம் முடியவில்லை. அவர் இப்போது ஆவடியில் உட்கார்ந்தே செய்யும் வேலை ஒன்றில் நன்றாக இருக்கிறார். அவருடைய கால்தான் இன்னும் பழக்கத்தை விடவில்லை. வீட்டில் யாராவது சாவியைத் தூக்கிப்போட்டால் பிரிட்டோவையும் இழுத்துக்கொண்டு அதன்மேல் பாயும். அம்மா எதையும் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

என் கவலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். மன்றத்தில் வைக்கிற கால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும். கேட்டதை நம்பிவிடும். தேறாது என்று தீர்ப்பானால் அந்தக் கால் அதற்குப் பிறகு பந்தைத் தொடாது. ஆகவே இடது காலை அவர்கள் கேட்காமல் விட்டதே எங்கள் அதிர்ஷ்டம். ஆனால் பாதி அதிர்ஷ்டம்தான். தேறும் என்று தீர்ப்பானால் இந்த வலது காலுக்குத் தலைக்கனம் வந்து, ஒவ்வொரு பந்துக்கும் முந்திக்கொண்டு போய் இடதை இடறிவிடும். நடுவில் தப்பு தெரிந்துவிட்டாலோ, வலதைக் கொடுத்துவிட்டு இடதை வாங்கிக்கொண்டு வாதத்தை முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். முதல் மாட்சுக்குள் அது முடியப்போவதில்லை. ஆக, என் தம்பி உருப்பட வேண்டுமென்றால் அவன் தேறமாட்டான் என்று தீர்ப்பு வர வேண்டும். அதையும் நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

தேறமாட்டான் என்ற கட்சிக்கு துளசிங்கம் அண்ணன். மார்க்கெட்டில் மீன் ஏலம் விட்டுப் பழகிய தொண்டை.

"காலேஜ்ல கோல் போடறது பெர்ய விசயமா? தடுக்க வர்றவன் பூரா நாளைக்குப் பரிச்சைன்ற பயத்துல ஆடறான். காலேஜ் கிரவுண்டுல புல்லு கீது. லீக் கிரவுண்டுல இன்னா கீது? ஜல்லி. மொத ஆளா எடுத்த பையனுங்க எத்தினி பேரு இப்போ வாட்டர் பாட்டில் தூக்கினு கீறானுங்க, நீயே சொல்லு பாய்."

தேறுவான் என்ற கட்சிக்கு பஷீர் பாய். கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், மெதுவாகப் பேசுவார். மெதுவாகப் பேசுபவர்களிடம்தான் எனக்குப் பயம்.

"அவனுங்க தேறாததுக்குக் காரணம் அவனுங்க இல்ல துளசி. மொதல்ல எடுக்குற கிளப்பு எது? கடேசில வந்த கிளப்பு. அங்க பந்து போட்டுத் தர்றதுக்கு ஆளு ஏது? நல்ல வெதைய உப்புல போட்டுட்டு வெதை சரியில்லைன்னா எப்படி?"

"அப்போ ஒத்துக்கினியா? தேறமாட்டான்."

"வெதை நல்ல வெதைன்றேன்."

"வெதைய யாரு கேட்டா? செடி வருமா வராதா?"

இப்படியே போகும். துளசிங்கம் அண்ணன் கடைசி ஆளாக எடுக்கப்பட்ட பையன்களின் பசியைப் பற்றிப் பேசுவார். பஷீர் பாய் முதலில் எடுத்தவன்மேல் கிளப்புக்கு இருக்கும் பொறுமையைப் பற்றிப் பேசுவார். ஒருவர் பேசும்போது மற்றவர் டீ குடிப்பார். ஏகாம்பரம் அண்ணன் நடுவில் யாருக்காவது ஷேவிங் முடித்துவிட்டு, "இருதரப்பும் யோசிக்க வேண்டியதா கீது" என்று சொல்லி மறுநாளைக்குத் தள்ளிவைப்பார்.

துண்டுக்கு அடியில் கால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. துளசிங்கம் அண்ணன் பேசினால் விரல்கள் மடங்கும். பஷீர் பாய் பேசினால் கெண்டைச்சதை புடைக்கும். நான் துண்டைச் சரிசெய்வதுபோல அதை அழுத்திப் பிடித்துக்கொள்வேன். பாய் இரண்டு நாள் தொடர்ந்து நன்றாகப் பேசியபோது அது நாற்காலியிலிருந்து குதித்து, கீழே கிடந்த ஷேவிங் பிரஷ்ஷை உதைத்துக் கதவுக்கு வெளியே அனுப்பியது. "பாத்தியா, பாத்தியா" என்றார் பாய். அன்று வீட்டுக்குப் போய் பிரிட்டோவிடம் சொன்னேன். அவன் சாப்பிடவில்லை.

"க்கா, பேசாம உண்மைய சொல்லிட்லாமா?"

"சொல்லி?"

குணசீலனுடைய கால் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முதல் மாட்ச். சனிக்கிழமை சாயங்காலம் பஷீர் பாய் ஏறக்குறைய ஜெயித்துவிட்டார். அவர் சொன்னது இவ்வளவுதான்: "கிளப்புக்காரங்களுக்கும் கண்ணு இருக்கும்போது ஒருத்தன மொதல்ல எடுத்தாங்கன்னா, அவன்கிட்ட ஏதோ பாத்துருக்காங்க. நாம பாக்கலன்றதுக்காக அது இல்லன்னு ஆயிடுமா?" பெஞ்சில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஏகாம்பரம் அண்ணனும் ஆட்டினார். துண்டுக்கு அடியில் கால் சூடாகிக்கொண்டே வந்தது. துளசிங்கம் அண்ணன் முகத்தை நான் அவ்வளவு ஆசையோடு பார்த்தது அன்றைக்குத்தான். ஏதாவது பேசுங்கண்ணா என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அவர் ஷேவிங் நாற்காலியில் சாய்ந்திருந்தார். "தலை பாரமா கீது. ஒரு நெட்டி எடுத்து உடு, அப்றம் பேசறேன்" என்றார்.

ஏகாம்பரம் அண்ணன் அவர் தாடையையும் பின்மண்டையையும் பிடித்து ஒரு திருப்பு திருப்பினார். சத்தம் வந்தது. கழுத்து போய்ப் பின்பக்கமாக நின்றுவிட்டது. துளசிங்கம் அண்ணனின் முகம் இப்போது பின்சுவரைப் பார்த்திருந்தது. டிவியில் பிரிட்டோவின் கல்லூரி மாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மன்றம் ஆரம்பித்த நாளிலிருந்து டிவியை நேராகப் பார்த்த முதல் ஆள் அவர்தான்.

"ஏகாம்பரம்" என்றார் நிதானமாக. "இந்தப் பையன் இடதுகாலால அடிக்கறாம்பா."

எல்லோரும் கண்ணாடியைப் பார்த்தார்கள். கண்ணாடியில் பிரிட்டோ வலது காலால் இன்னொரு முறை அடித்தான். எனக்கு கர்த்தரே என்று மட்டும் சொல்லத் தெரிந்தது.

"வலதுதான துளசி" என்றார் பஷீர் பாய்.

"இடதுன்றேன். பத்தாம் நம்பர் வேற போட்னு கீறான்."

பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏகாம்பரம் அண்ணன் அருகில் வந்து அவர் கழுத்தைத் தடவிப் பார்த்தார். "நெட்டி கொஞ்சம் ஜாஸ்தியாப் போச்சு. அதான் எல்லாம் மாத்தித் தெரியுது" என்று சொல்லி, மறுபக்கமாக ஒரு திருப்பு திருப்பினார். கழுத்து பழைய இடத்துக்கு வந்தது. துளசிங்கம் அண்ணன் கண்ணாடியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆமா, வலதுதான்" என்றார்.

போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. ஆனால் தீர்ப்பு பாக்கி இருந்தது. துளசிங்கம் அண்ணன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். பஷீர் பாய்தான் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தார்.

"நான் எதிர்பக்கமா எவ்வளவோ வாதாடிருக்கேன். ஒருவாட்டிகூட என் கழுத்து திரும்பிப் போனதில்ல. ஒரு மனுசன் கழுத்து திரும்பற அளவுக்கு ஒண்ண நம்பறான்னா அதுல ஏதோ உண்மை இருக்கணும். நான் உட்டுத் தர்றேன். பையன் தேறமாட்டான்."

யாரும் மறுக்கவில்லை. ஏகாம்பரம் அண்ணன் துண்டை விலக்கி, கெண்டைச்சதைக்குப் பக்கத்தில் குனிந்து, "நீ தேறமாட்டே கண்ணு. மனசுல வெச்சுக்காத" என்றார். கால் ஒரு முறை நெளிந்தது. பிறகு விரல்களையெல்லாம் விரித்து, நாள்பூரா இறுக்கமான ஷூவில் கிடந்துவிட்டு வெளியே வந்ததுபோல, தளர்ந்து படுத்துக்கொண்டது. முதல்முறையாக அது அமைதியாக இருந்ததைப் பார்த்தேன். நான் அழுதேன். காலுக்கு உறவுக்காரி அழுவது வழக்கம்தான் என்பதால் ஏகாம்பரம் அண்ணன் எனக்கு ஒரு டீ சொன்னார். துளசிங்கம் அண்ணன் போகும்போது, "தப்பா நெனச்சுக்காதம்மா ஜெசிந்தா" என்றார். இல்லண்ணா என்றேன். அவர் காலில் விழலாம்போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு நானும் போனேன். மன்றத்தார் சலூனிலேயே பார்த்துக்கொண்டார்கள். முன்பெல்லாம் பிரிட்டோ பந்தை உதைக்கப் போகும்போது வலது கால் பரபரக்கும், நானும் ஒரு முறை தொட்டுப் பார்க்கிறேன் என்று நடுவில் வரும். கல்லூரியில் அவன் பாதி கோலை விட்டதே அதனால்தான். இப்போது அது நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றது. பந்து தன் மேலேயே வந்தாலும் நகர்ந்து இடதுக்கு வழிவிட்டது. இடது கால் தாராளமாக ஆடியது. கொடிமரம் யுனைடெட் இரண்டு வருடத்தில் முதல்முறையாக ஜெயித்தது. எங்கள் வீட்டில் அன்றைக்கு எல்லோரும் வயிறு நிறையச் சாப்பிட்டோம்.

மன்றத்திலும் குறை சொல்ல எதுவும் இல்லை. தேறாத கால் போட்ட கோல் கணக்கில் வருமா வராதா என்று இப்போது வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அது இந்த சீசனுக்குள் முடியாது என்கிறார் பஷீர் பாய், சந்தோஷமாக.

வலது காலுக்குப் பொறுப்பு வந்துவிட்டது. காலையில் பிரிட்டோ தூங்கும்போது தானே எழுந்து ரேஷன் கடைக்குப் போய் வரிசையில் நிற்கிறது. நிற்பதில் அதற்கு நிகர் இல்லை என்று தெருவில் நல்ல பெயர். போன செவ்வாய்க்கிழமை அதற்கு ஒரு சம்பந்தம் வந்தது. பெண் பெரம்பூர், நர்சரி பள்ளியில் டீச்சர். பிரிட்டோ சோபாவில் காலைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். நான் அதற்குப் புது சாக்ஸ் போட்டுவிட்டேன். பெண்ணின் அப்பா உட்கார்ந்ததும், தன் பெரிய மாப்பிள்ளைக்கு ஃபுட்பால் பைத்தியம் என்றும் அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்பதே இல்லை என்றும் சொல்லி, இவர் ஆடுவாரா என்று கேட்டார்.

"ஆடவே ஆடாதுங்க" என்றாள் அம்மா. "மன்றத்துலயே சொல்லிட்டாங்க."

பெண் வீட்டார் எல்லோரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். பெண்ணின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் கேசரி எடுத்துவர உள்ளே போனேன்.