பலகைச் சுவரில் மூன்று மணி

மில்லி என்று கூப்பிட்டால்தான் அவர் திரும்பிப் பார்ப்பார். பெயரைக் கேட்டதும் குடிகாரர் போலிருக்கிறது என்று வேலை தராமல் அனுப்பியவர்களும் உண்டு. அவர் சொட்டுக்கூடத் தொட்டதில்லை. மில்லிமீட்டரிலிருந்து வந்த மில்லி அது. மரவேலையில் ஒரு மில்லி பிசகினால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. எதையும் எண்ணிக்கொண்டே இருப்பார். மாடிப்படி ஏறினால் படிகளை, காத்திருந்தால் ஜன்னல் கம்பிகளை.

கூடவே வேலை செய்பவர் அவர் மனைவியின் தம்பி. மூன்று வயதுதான் சின்னவர். மச்சானுக்குக் கை சுத்தம், வாய் சுத்தம், பொறுமை மட்டும் கிடையாது. "நாளைக்குச் சாகப்போறவன் மாதிரி ஏண்டா பறக்கற" என்று அக்காவிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

அந்த வீடு இரண்டாம் மாடியில் இருந்தது. ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட் அம்மா ஒருவர் தனியாக இருந்தார். கடைசி அறையில் ஒரு பக்கச் சுவர் முழுவதும், தரையிலிருந்து கூரை வரை, நெட்டுக்குத்தலாகப் பலகை அடித்திருந்தது. முன்பு இருந்தவர்கள் அடித்ததாம். அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும், ஒரு துண்டுகூட வீட்டில் இருக்கக் கூடாது என்றார் அந்த அம்மா. நல்ல மரம். மில்லிக்கு மனசே வரவில்லை.

"கட்டில் பண்ணித் தரட்டுமாம்மா?"

"வேணாம். கொண்டுபோயிடுங்க."

பலகைகள் பதினேழு. ஒவ்வொன்றும் ஒன்பதடி. படிக்கட்டு குறுகலாகத் திரும்பியதால் முழுசாக இறக்க முடியாது. ஒவ்வொன்றையும் கழற்றி, முக்காலிகளில் கிடத்தி, கையில் பிடிக்கும் ரம்ப மெஷினால் இரண்டாக அறுத்து இறக்க வேண்டும். மில்லி அளவு நாடாவைச் சுருட்டும்போது அறைக் கடிகாரத்தில் மணி மூன்று.

பலகைகளுக்குப் பின்னாலிருந்து ரம்பம் ஓடும் சத்தம் கேட்டது.

வட்ட ரம்பம். வேகம் பிடிக்கும் முனகல், மரத்தில் இறங்கியதும் கனக்கும் குரல், துண்டு விழும் 'டொக்'. பிறகு உடனே அடுத்தது, இடைவெளி விடாமல். மில்லி வழக்கம்போல் எண்ணினார். பதினொன்று. அதற்கப்புறம் தகர டப்பா ஒன்று கவிழ்ந்து திருகாணிகள் தரையெங்கும் உருளும் சத்தம். அதோடு அடங்கிவிட்டது.

"பக்கத்து வீட்டுலயும் வேலை நடக்குது போல" என்றார் மச்சான்.

மில்லி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீடு இல்லை. இரண்டு மாடி உயரத்துக்கு வெறும் வெளி. கீழே சைக்கிள் நிறுத்துமிடம்.

"கீழேருந்து வந்திருக்கும்" என்று அவரே சொல்லிக்கொண்டார். கீழே ஒரு சைக்கிள்கூட இல்லை.

மறுநாள் காலையிலேயே வேலையை ஆரம்பித்தார்கள். மில்லி கழற்றினார், மச்சான் அறுத்தார். வேலை மளமளவென்று நடந்தது. பிற்பகலில் ஒரு பலகையை அறுத்து முடித்துவிட்டு மச்சான் நகர்ந்தபோது, கால் பட்டு டப்பா கவிழ்ந்தது. திருகாணிகள் நாலாபக்கமும் உருண்டன. மில்லி அப்படியே நின்றார்.

"இது எத்தனாவது பலகை?"

"பதினொண்ணு. ஏன் மாமா, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?"

கடிகாரத்தில் மூன்றடிக்க ஒரு நிமிடம் இருந்தது. "மெஷினைக் கீழ வை. பேசாம இரு" என்றார் மில்லி.

சுவரில் மீதமிருந்த ஆறு பலகைகளுக்குப் பின்னாலிருந்து ரம்பம் கிளம்பியது. ஒன்று, இரண்டு, மூன்று. நான்கு, ஐந்து. ஆறாவது அறுப்பின் நடுவில் ஒரு சேவல் கூவியது. மச்சானின் கை தானாகச் சட்டைப்பையைத் தொட்டது. அவர் போனில் மணிக்குப் பதிலாக வைத்திருப்பது சேவல் கூவல்தான், அடித்தால் தெருவே சிரிக்கும். ஆனால் போன் பையில் சும்மா கிடந்தது. சுவருக்குள் ரம்பம் வீறிட்டது, கனமாக ஏதோ தரையில் மோதியது. பிறகு மில்லியின் குரல், அவர் வாயைத் திறக்காமலே: "பிளக்கைப் புடுங்கு மச்சான்."

அதற்குப் பின் ஒரு பெண் அழுதாள்.

மச்சான் அறைக்கதவைப் பார்த்தார். "அந்த டைப்பிஸ்ட் அம்மாவா மாமா?"

"இருக்கும்" என்றார் மில்லி. இல்லை என்று அவருக்குத் தெரியும். பதினாறு வருஷமாகக் கூட வாழ்கிறவளின் அழுகை தெரியாமல் போகுமா? ஆனால் அவர் மனைவி வேலை நடக்கும் இடத்துக்கு ஒரு நாளும் வந்ததில்லை. அங்கே வந்து அழுகிறாள் என்றால் யாரோ போய்க் கூட்டிவந்திருக்க வேண்டும். மில்லி அந்த நினைப்பை அதோடு நிறுத்திக்கொண்டார்.

வண்டியில் வரும்போது மச்சான்தான் பேசினார். "நாளைக்கு வர வேணாம் மாமா. வேற ஆளை அனுப்பச் சொல்லிடலாம்."

"வேற ஆளு வந்தா? அவன் எதையும் கேக்கல. நாளைக்கு நடக்கப்போறது நமக்காவது இன்னைக்கே காதுல விழுந்திருக்கு."

"அதான் கேட்டோமே."

"சத்தத்தைத்தான் கேட்டோம். என்ன ஆச்சுன்னு கேக்கலையே."

சாயங்காலம் பட்டறையில் விளக்கைப் போட்டுவிட்டு மில்லி மெஷினை மேஜைமேல் வைத்தார். முதலில் வயரைச் சுருட்டி, பிளக் கண்ணுக்குத் தெரியும்படி மேலே வைத்தார். பிறகு பிளேடின் கீழ்ப் பாதியை மறைக்கும் உலோக மூடியைத் தள்ளிப் பார்த்தார். மரத்தில் இறங்கும்போது அது தானாக ஒதுங்க வேண்டும், வெளியே வந்ததும் ஸ்பிரிங் இழுத்துப் பட்டென்று மூடிக்கொள்ள வேண்டும். அது அசையவே இல்லை. திறந்தபடி நின்றது. இடுக்கில் ஒரு மரச்சில்லு செருகியிருந்தது.

அவர் சில்லை விரல்நுனியில் எடுத்து மச்சானிடம் காட்டினார். கோபப்படவில்லை. அதுதான் மச்சானுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"எப்ப வச்ச?"

"ரெண்டு வாரம் இருக்கும். ஒவ்வொரு தடவையும் மூடி போய்த் தட்டுது, கோடு தெரிய மாட்டேங்குது. சள்ளையா இருந்துது."

"ரெண்டு வாரமா நானும் இதைக் கையில புடிச்சிருக்கேன்."

மில்லி மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்கில் அடைத்திருந்த பிசினையும் தூளையும் துடைத்து எடுத்தார். மழுங்கிய பிளேடை மாற்றினார். பலகையின் கனத்தைவிடப் பிளேடின் பல் ஒரு நூல் அளவு மட்டும் கீழே இறங்கும்படி ஆழத்தைக் குறைத்தார். மூடியைத் தள்ளிவிட்டுப் பார்த்தார். பட். இன்னொரு தடவை. பட். அன்றிரவு அவர் மனைவியிடம் எதுவும் சொல்லவில்லை. அவள் சாப்பாடு போடும்போது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால், "என்ன, உப்பு இல்லையா?" என்று கேட்டாள்.

மச்சான் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தார். காலையில் போனை அணைத்து, அக்கா வீட்டு அலமாரியில் போர்வைகளுக்கு நடுவே திணித்துவிட்டு வந்தார். சேவல் இல்லையென்றால் மீதியும் இருக்காது என்பது அவர் கணக்கு. இன்னொரு யோசனையும் அவருடையதுதான்.

"மீதி ஆறு பலகை. அஞ்சை மெஷின்ல அறுப்போம். ஆறாவதைக் கைரம்பத்துல அறுத்துக்கலாம். அரை மணி கூட ஆகும், ஆகட்டுமே."

வாழ்நாளில் முதல்முறையாக மச்சான் அரை மணி கூட ஆகட்டும் என்று சொன்னதை மில்லி கவனித்தார்.

அன்றைக்கு மெஷினை மில்லியே பிடித்தார். கண்ணாடி போட்டார், தொளதொளச் சட்டையைக் கழற்றிவிட்டு ஒட்டின பனியன் போட்டார். முக்காலிகளை அறுக்கும் கோட்டுக்கு இரு பக்கமும் நெருக்கமாக வைத்து, அறுபடும் துண்டு தொய்யாமல் விலகி விழும்படி பார்த்துக்கொண்டார். வயரைத் தோள்மேல் போட்டுப் பின்னால் விட்டார். பிளேடு போகும் நேர்கோட்டில் நிற்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கி, இரண்டு கையாலும் பிடித்தார். ஒவ்வொரு அறுப்புக்கும் பின்னால் பிளேடு நிற்கும்வரை கையை எடுக்கவில்லை. நான்கு பலகை ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. ஐந்தாவதன் நடுவில் கணு இருந்ததால் தள்ளி அறுத்தார். ஒரு பாதி கொஞ்சம் நீளமாகிவிட்டது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிய மச்சான், கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்க அதோடு திரும்பி வந்தார்.

"வளைவுல திரும்ப மாட்டேங்குது மாமா. ஒரு அடி எடுக்கணும்."

"வை. புடிச்சுக்க. விழற துண்டைப் புடிக்காத, இந்தப் பக்கத்தைப் புடி."

எல்லாவற்றையும் எண்ணுகிற மனிதர் அன்று பலகைகளை எண்ணினார், அறுப்புகளை எண்ணவில்லை. சுவரில் இன்னும் ஒரு பலகை நின்றுகொண்டிருந்தது. கைரம்பம் அதன்மேல் சாய்த்து வைத்திருந்தது. அந்தத் தைரியத்தில் அவர் விசையை அழுத்தினார். பிளேடு பாதித் தூரம் போயிருந்தது.

வாசலில் சேவல் கூவியது.

மச்சான் துள்ளித் திரும்பினார். பலகையும் அவர் கையோடு திரும்பி, அறுத்த வாய் பிளேடைக் கவ்வியது. மெஷின் வீறிட்டு, கிணற்றிலிருந்து குதிக்கும் தவளைபோல் பின்னால் எகிறியது. மில்லி ஒதுங்காமல் இருந்தால் நின்றிருக்கக்கூடிய இடத்தைக் கடந்து போய்த் தரையில் மோதியது. அதே நொடியில் மூடி பட்டென்று அடைத்துக்கொண்டது. சுற்றிக்கொண்டிருந்த பல்லெல்லாம் மூடிக்குள். மெஷின் வழுக்கிக்கொண்டு வந்து அவர் செருப்பில் இடித்து நின்றது.

"பிளக்கைப் புடுங்கு மச்சான்" என்றார் மில்லி. சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது.

வாசலில் அவர் மனைவி நின்றாள். கையில் போன். அலமாரியில் போர்வை எடுக்கப் போனவள், சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது என்று நினைத்து, சார்ஜ் ஏற்றி, தம்பி தேடுவானே என்று மூன்று தெரு நடந்து கொண்டுவந்திருக்கிறாள். மாடி ஏறி வந்த நேரம் யாரோ பெயிண்ட் கடைக்காரர் தம்பியைப் போனில் கூப்பிட்டிருக்கிறார். ரம்பம் புருஷன் பக்கம் பாய்ந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். காலைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். விரல்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். பத்தும் இருந்தன. அதற்கப்புறம் அவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள்.

மில்லிக்கு அந்த அழுகையைக் கேட்க அவ்வளவு நிம்மதியாக இருந்தது. நேற்றுக் கேட்டதேதான், ஒரு விக்கல்கூட மாறவில்லை.

கடைசிப் பலகையைக் கையாலேயே அறுத்தார்கள். பின்னால் ஒன்றுமில்லை. காரை பூசிய சுவர், நூலாம்படை, பழைய ஆணித்துளைகள். பலகைக்கும் சுவருக்கும் நடுவே விரலை நீட்டினால் முட்டும் அளவு இடைவெளிதான் இருந்திருக்கும். மச்சான் சுவரில் காதை வைத்தார். பிறகு வெட்கப்பட்டு எடுத்துக்கொண்டார்.

டைப்பிஸ்ட் அம்மா தண்ணீர்ச் சொம்போடு வந்தார். மில்லி நேராகவே கேட்டுவிட்டார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?" அவர் சொம்பைக் கீழே வைத்தார். "முதல்ல நல்லாத்தான் இருந்துது. நாளைக்கு யாரு வருவாங்கன்னு இன்னைக்கே தெரிஞ்சிடும். துணைக்கு ஆள் இருக்கற மாதிரி. அப்புறம் மூணு மணி ஆனா வேற எந்த வேலையும் ஓடல. என் தும்மலைக் கேட்டுட்டு, அது எப்ப வரும்னு நாள் பூரா உக்காந்திருப்பேன். போன மாசம் ஒரு நாள் ஒண்ணுமே கேக்கல."

"அப்புறம்?"

"என்ன அப்புறம். நாளைக்கு நான் இல்ல போலன்னு நடுங்கிப்போய், பையை எடுத்துட்டு தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டேன். மறுநாள் இந்த அறையில ஆளில்ல. அப்ப சத்தம் எங்கேருந்து வரும்? சத்தம் இல்லைன்னு நான் போனேனா, நான் போனதாலதான் சத்தம் இல்லையான்னு இன்னும் தெரியல. அன்னைக்கு முடிவு பண்ணினேன், இதைக் கழட்டிடணும்னு."

துண்டுகளை வண்டியில் அடுக்கித் தார்ப்பாய் போட்டுக் கட்டினார்கள். பட்டறைக்கு வேண்டாம் என்று மூவரும் சொல்லாமலே ஒத்துப்போனார்கள். ஊருக்கு வெளியே நகராட்சிக் குப்பைக் கிடங்கு இருந்தது. மில்லி ஓட்ட, மனைவி நடுவிலும் மச்சான் ஓரத்திலும் நெருக்கி உட்கார்ந்தார்கள். வழியில் ஒரு சிக்னலில் வண்டி நின்றது. வெயில் சுள்ளென்று அடித்தது. மில்லி கைக்கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தார். மணி மூன்று.

தார்ப்பாய்க்கு அடியிலிருந்து பேச்சுக்குரல் வந்தது. பெண் குரல், தணிந்து, இன்னும் வார்த்தை பிடிபடவில்லை. நடுவில் உட்கார்ந்திருந்தவள் தன் குரலையே தனக்குப் பின்னால் கேட்டாள். அவள் திரும்பவில்லை. கையை நீட்டி ரேடியோ சத்தத்தை முழுசாகத் திருகிவிட்டாள். சிக்னலில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பச்சை விழுந்து, இரண்டு தெரு தாண்டும்வரை அவள் கை அந்தக் குமிழிலேயே இருந்தது.

குப்பைக் கிடங்கின் கதவு பூட்டிக் கிடந்தது. காலை எட்டு முதல் பகல் இரண்டு வரை என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தது. சரக்கு நாளைவரை வண்டியிலேயே இருந்தாக வேண்டும்.

"அக்கா, நாளைக்கு நீ வர வேணாம்" என்றார் மச்சான். "நாங்க கொட்டிட்டு வந்துடறோம்."

"வருவேன். நான் சொல்லப்போறது என்னன்னு நான்தான் முதல்ல கேக்கணும்."

மறுநாள் காலை எட்டு மணிக்கே போய்க் கொட்டிவிட்டு வந்தார்கள். போகும் வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். மரச்சில்லு வைத்ததற்குத் தம்பியைத் திட்டினாள், பால்காரருக்குச் சொல்ல மறந்ததைச் சொன்னாள், கண்ணில் தூசி விழுந்ததென்று கண்ணாடியை ஏற்றச் சொன்னாள், ஒரு தடவை மில்லியின் கையைப் பிடித்துக்கொண்டு விரல்களை மறுபடி வாய்விட்டு எண்ணினாள். இவற்றில் எது முந்தின நாள் தார்ப்பாய்க்கு அடியில் கேட்டது என்று மூன்று பேருக்கும் தெரியவில்லை.