தலை காத்த பிள்ளை

லிஸ்பன் ஓரத்து மேட்டுக் குடியிருப்பில் நாங்கள் எல்லோரும் போர்த்துகல் ஆண்ட தீவிலிருந்து வந்த தீவுக்காரர்கள். பெலிஸ்மினாவின் மூத்தவன் அர்லிந்து இங்கேயே ஆஸ்பத்திரியில் பிறந்தான். ஏழாம் இரவு சூனியக்காரி குழந்தையைத் தூக்கிப் போகாதபடி சனம் கூடி, பாடி, விழித்திருந்து தலை காக்க வேண்டும். அவனுக்கு ஆள் சேரவில்லை. பிள்ளை வருஷம் முழுக்க நோஞ்சானாகக் கிடந்தான்.

பயந்துபோனவள், அடுத்ததற்கு வயிற்றோடு தீவுக்குப் போனாள். தாய் வீட்டில் நெலிட்டோவைப் பெற்று, ஊரே தலை காத்த பிறகு கைக்குழந்தையாகத் தூக்கி வந்தாள். தீவு தனி நாடாகி, போர்த்துகல் கொடி இறங்கிச் சில வருஷம் ஆகியிருந்தது, செல்லங்களா. கொடி இறங்கினால் வயிற்றுப் பிள்ளை அந்நியனாகிவிடும் என்று எந்தத் தாய்க்குத் தோன்றும்?

இரண்டு பேரும் வளர்ந்து ஒரே கட்டட வேலைக்குப் போனார்கள். ஒருநாள் மேஸ்திரி அர்லிந்துவைப் பார்த்து "குரங்கே" என்றான். அர்லிந்து மண்வெட்டிக் காம்பால் அவன் மண்டையைப் பிளந்தான். மேஸ்திரி பிழைத்தான், அடித்தது யார் என்று நினைவில்லை. அர்லிந்துவின் மனைவிக்கு அது நிறைமாசம். போலீஸ் வந்தபோது நெலிட்டோ முந்திக்கொண்டான்.

"நான்தான் அடிச்சேன். விடுண்ணே, உள்ள போய்ச் சாப்பிட்டுட்டுத் தூங்கிட்டு வரேன். உன் வீட்டுக் கஷூப்பாக் கஞ்சியை விட அங்க நல்லாத்தான் இருக்கும்."

தீர்ப்பு வந்தது. சிறை, சிறை முடிந்ததும் நாடுகடத்தல்.

பெலிஸ்மினா வக்கீலின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா, ரெண்டும் ஒரே வயிறு!"

"வயிறு ஒண்ணுதான்மா. பெத்த இடம் வேற. சின்னவன் தங்குற அனுமதியை ரத்து பண்ணிட்டாங்க. மூத்தவன் ஒத்துக்கிட்டா அவனுக்கு ஜெயில் மட்டும்தான். அவனை எங்கயும் அனுப்ப முடியாது, இங்க பொறந்தவன்."

அன்றே மூத்தவன் வாசலில் போய் நின்றாள்.

"டேய், நீ உள்ள போனா திரும்பி வருவே. அவன் போனா வரமாட்டான்டா."

அர்லிந்து மடியில் குழந்தையை ஆட்டிக்கொண்டே சொன்னான்: "எனக்கு வேலை போயிடும்மா. அவனுக்கென்ன, கடல், மீன், வெயில். அவனை அங்க போய்ப் பெத்தது நீதானே? நானா சொன்னேன்?"



சிறை முடிந்த அன்று நெலிட்டோவை வீட்டுக்கு விடவில்லை, நேராக விமானம். விமான நிலையக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பெலிஸ்மினா அவனுடைய குளிர்காலக் கோட்டு ஒன்றை உயர்த்திக் காட்டினாள். கொடுக்கவிடவில்லை. பக்கத்தில் நின்ற காவலர் சிரித்தார்: "எதுக்கும்மா கோட்டு? உங்க ஊர் சூடு."

தீவிலிருந்து சில நாளில் போன் வந்தது. "அம்மா, இங்க என்னைப் போர்த்துகீசியன்னு கூப்பிட்டுக் கல்லெறியறாங்க. பாட்டி வீட்ல வேற யாரோ இருக்காங்க. நான் எங்க தூங்கறது?"

அதே வாரம் அர்லிந்துவுக்கு இரண்டாவது பிள்ளை. ஏழாம் இரவு வீடு நிறையச் சனம், பாட்டு. "வாம்மா, தலை காக்க நீ இல்லாமலா?" என்று அவனே வந்து அழைத்தான்.

போனாள். பேரனை முத்தமிட்டாள். தலையணைக்கடியில் சூனியத்துக்குக் காவலாக விரித்து வைத்திருந்த கத்தரிக்கோலை உருவி மடித்தாள். பாட்டு நின்றது.

"இது எதுக்குடா? இவனை யாரும் தூக்கமாட்டாங்க. இங்கேயே பொறந்துட்டானே."

கத்தரிக்கோலை மகன் கையில் வைத்துவிட்டு, இறங்கி நடந்தாள்.